செல்லப்பிராணி விற்கும் விளம்பரத்தை நீக்க வைப்பது எப்படி

பழைய பொருட்களை வாங்கவும் விற்கவும் உள்ள ஓர் இணையதளத்தில், விளம்பரங்களைச் சரிபார்க்கும் மாடரேட்டராக வேலை செய்தேன். சோபா, ஸ்கூட்டர், செல்போன் எல்லாம் மற்றவர்களுக்குப் போய்விடும். என் பங்குக்கு வந்தது செல்லப்பிராணிப் பகுதி. நாய்க்குட்டி, பூனைக்குட்டி, கிளி, முயல், அவ்வப்போது ஆமை. வேலையை விட்டபிறகு அதே மாதிரி விளம்பரங்களைப் பற்றி நானே புகார் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததில் எனக்குத் தெரிந்தது இதுதான்: பாதிப் புகார்கள் வீணாகப் போவது தளக்காரர்களின் கல்நெஞ்சால் அல்ல, புகாரை எழுதும் விதத்தால்.

“இது மிருகவதை, உடனே எடுங்கள், உங்களுக்கு மனசாட்சியே கிடையாதா” என்று வரும். படிக்கும்போது எனக்கும் பாவமாகத்தான் இருக்கும். ஆனால் என் திரையில் மனசாட்சி என்று ஒரு பட்டன் இல்லை. ஒரு விளம்பரத்தை எடுக்க வேண்டுமென்றால் விதிகளின் பட்டியலைத் திறந்து, எது மீறப்பட்டது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். எதுவும் பொருந்தவில்லையென்றால் ‘மீறல் இல்லை’ என்று மூடிவிட்டு அடுத்ததைப் பார்க்க வேண்டும். ஒரு புகாருக்குக் கிடைப்பது சில விநாடிகள். அதற்குள் எந்த விதியை அமுக்குவது என்று மாடரேட்டரின் கையில் நீங்களே எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். இந்தக் கட்டுரையில் முக்கால்வாசி அதைப் பற்றித்தான்.

முதல் வேலை: தளத்தின் விதியைப் படிப்பது

யாரும் படிப்பதில்லை, விற்பவர் உட்பட. பக்கத்தின் அடியில் ‘தடை செய்யப்பட்டவை’ அல்லது ‘விளம்பரக் கொள்கை’ என்று ஓர் இணைப்பு இருக்கும். அதில் விலங்கு, உயிரினம், செல்லப்பிராணி ஆகிய சொற்களைத் தேடுங்கள். பல தளங்கள் விற்பனையை ஏற்கெனவே தடை செய்திருக்கின்றன. கிரெய்க்ஸ்லிஸ்டில் செல்லப்பிராணியை விற்பதும் இனப்பெருக்கத்துக்கு விளம்பரம் செய்வதும் கூடாது. சிறிய தத்துக் கட்டணத்துடன் வேறொரு வீட்டுக்குக் கொடுக்கலாம், அவ்வளவுதான். ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் விலங்குகளை விற்கவே கூடாது. இபேயும் பெரும்பாலான உயிருள்ள விலங்குகளை அனுமதிப்பதில்லை. அப்புறம் ஏன் இத்தனை விளம்பரம் என்று கேட்பீர்கள். விதி இருக்கிறது, அதை விளம்பரத்தோடு பொருத்திக் காட்ட ஆள் இல்லை. அந்த ஆள் நீங்கள்.

விற்பனையை அனுமதிக்கும் தளமாக இருந்தால் நாட்டுச் சட்டத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். “உள்ளூர்ச் சட்டத்துக்கு முரணான எதையும் விளம்பரப்படுத்தக் கூடாது” என்ற வரி இல்லாத தளத்தை நான் பார்த்ததில்லை. அந்த ஒரு வரி போதும்.

விளம்பரத்தைப் படிக்கும் கலை

நான் தினமும் பார்த்த வகையில் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: “லேப் பேபி, 30 நாள், டபுள் போன், 2 ஆண் 3 பெண், தடுப்பூசி எல்லாம் போட்டாச்சு, டெலிவரி உண்டு, டைம் பாஸ் கால் வேண்டாம்.”

லேப் பேபி என்றால் லாப்ரடார் குட்டி, டபுள் போன் என்றால் தடித்த எலும்புள்ளது. இதில் எத்தனை ஓட்டைகள் என்று பாருங்கள். 30 நாள் என்றால் நாலு வாரத்துக்குச் சற்று மேல். இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. இங்கிலாந்திலும் உரிமம் பெற்றவர்களுக்கு அதே 8 வாரக் கணக்குதான். அடுத்து தடுப்பூசி. நாய்க்குட்டிக்கு முக்கியத் தடுப்பூசிகளை 6 முதல் 8 வார வயதில்தான் ஆரம்பிப்பார்கள். இரண்டிலிருந்து நாலு வார இடைவெளியில் மறுபடி மறுபடி போட்டு, 16 வாரமோ அதற்குக் கொஞ்சம் மேலோ ஆகும்போதுதான் முடிப்பார்கள். 30 நாள் குட்டிக்கு ‘எல்லாம் போட்டாச்சு’ என்றால் வயது பொய் அல்லது ஊசி பொய். எது பொய்யாக இருந்தாலும் தவறான தகவல் என்ற விதியில் விழும். ‘டெலிவரி உண்டு’ என்பது தாயை நீங்கள் பார்க்கவே போவதில்லை என்று அர்த்தம். ‘டைம் பாஸ் கால் வேண்டாம்’ என்பது, கேள்வி கேட்காதே என்று.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நாய்க்குட்டி கண் திறப்பது 10 முதல் 14 நாளில். பால் பற்கள் முளைக்க ஆரம்பிப்பது ஏறக்குறைய மூன்றாவது வாரத்தில். வாயைத் திறந்திருக்கும் படத்தில் ஈறு மொழுமொழுவென்று இருந்தால் ‘45 நாள்’ என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். பூனைக்குட்டிகளுக்குப் பிறந்த புதிதில் எல்லாவற்றுக்குமே கண் நீலம். ஆறேழு வாரத்தில்தான் நிறம் மாறத் தொடங்கும். ஆகவே நாட்டுப் பூனைக்குட்டி பளிச்சென்று நீலக் கண்ணோடு இருந்தால், எழுதியிருக்கும் வயதைச் சந்தேகப்படலாம். சயாமீஸ் போன்ற இனங்களுக்குக் கடைசிவரை நீலம்தான் என்பதால் அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். தப்பான ஒரு புகார், உங்கள் பெயரில் அடுத்து வரும் நல்ல புகாரையும் கெடுக்கும்.

குட்டியைப் பார்த்து உருகி நிற்கும் நேரத்தில் பின்னணியைப் பாருங்கள். தரையின் டைல்ஸ், சுவரின் நிறம், ஓரத்தில் தெரியும் நீல பிளாஸ்டிக் தட்டு. ஐந்து வெவ்வேறு பெயரில், ஐந்து வெவ்வேறு இனம், அதே டைல்ஸ் என்றால் அது ‘எங்க வீட்டு நாய் குட்டி போட்டிருக்கு’ கதை இல்லை, தொழில். வணிகக் கணக்கு வைத்துக்கொண்டு செய்ய வேண்டியதைத் தனிநபர் கணக்கில் செய்வது பெரும்பாலான தளங்களில் மீறல். படத்தை கூகுள் லென்ஸிலோ டின்ஐயிலோ போட்டுத் தேடுங்கள். வேறு நாட்டு இனப்பெருக்காளரின் பக்கத்தில் அதே படம் கிடைத்தால் நாயே கிடையாது, மோசடி. முன்பணம் வாங்குவார்கள், அப்புறம் கூண்டுக்குப் பணம், காப்பீட்டுக்குப் பணம், விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டது என்று மறுபடி பணம். மோசடிப் புகாரைத்தான் தளங்கள் மிக வேகமாக எடுக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

மைக்ரோசிப் (அடையாளத்துக்காக விலங்கின் தோலுக்கடியில் வைக்கும் சில்லு) எண் கொடுத்திருந்தால் எண்ணிப் பாருங்கள். சர்வதேசத் தரத்தில் அது 15 இலக்கம். முதல் மூன்றும் நாட்டுக் குறியீடாகவோ, 9-இல் தொடங்கும் தயாரிப்பாளர் குறியீடாகவோ இருக்கும். 12 இலக்கம் எழுதிவிட்டு ‘சிப் உண்டு’ என்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

விலையிலும் ஒளிப்பார்கள். விற்பனை கூடாத தளத்தில் ‘தத்து’ என்று போட்டுவிட்டு, விலைக் கட்டத்தில் 1 அல்லது 1111 போடுவார்கள். ‘கட்டணம் இன்பாக்ஸில்’ என்பார்கள். அப்படிப்பட்ட விளம்பரத்தின் அடியில் “பிரைஸ்?” என்று யாராவது கேட்டு, விற்பவர் பதில் சொல்லியிருப்பார். அந்தக் கமென்ட்டைப் படம் பிடித்தால் வேறு சாட்சியே தேவையில்லை.

காட்டு உயிரினங்கள் தனிக் கதை. காதல் பறவைகளும் பட்ஜீஸும் ஒன்று, பச்சைக்கிளி வேறு. இந்தியாவின் சொந்தக் கிளிகள் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. வளர்ப்பதும் விற்பதும் குற்றம். நட்சத்திர ஆமையை 2019-இல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலுக்கு ஏற்றினார்கள். அதாவது காட்டில் பிடித்தவற்றை நாடுகளுக்கிடையே வணிகமாக விற்கவே முடியாது. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியை 2016-இலேயே அந்தப் பட்டியலில் சேர்க்க முடிவெடுத்துவிட்டார்கள். உள்ளங்கையில் வைத்துக் காட்டும் குட்டி ஆமைகளா? ஓடு 4 அங்குலத்துக்குக் குறைந்தவற்றைச் செல்லமாக விற்பதை அமெரிக்கா 1975-இல் தடை செய்தது, குழந்தைகளுக்கு சால்மொனெல்லா என்ற பாக்டீரியா தொற்றுகிறது என்பதற்காக. இத்தகைய விளம்பரத்துக்குத் தளத்தில் புகார் செய்தால் மட்டும் போதாது, வனத்துறைக்கும் எழுதுங்கள். அதுவும் தளம் எடுப்பதற்கு முன்பே எழுதுங்கள். எடுத்துவிட்டால் அவர்களுக்குப் பிடிக்க ஆதாரம் இருக்காது.

ஆதாரம் சேர்ப்பது

ஸ்கிரீன்ஷாட்டில் முகவரிப் பட்டை, தேதி, விளம்பர எண் மூன்றும் தெரிய வேண்டும். நாய்க்குட்டியின் முகம் மட்டும் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டால் யாருக்கும் பயனில்லை. விற்பவரின் பெயரைத் தொட்டால் அவருடைய மற்ற விளம்பரங்கள் வரும். அந்தப் பக்கத்தையும் பிடியுங்கள், பல சமயம் அதுதான் முக்கிய சாட்சி. எல்லாவற்றையும் ஒரு எக்செல் தாளில் போடுங்கள்: தேதி, இணைப்பு, விளம்பர எண், என்ன விலங்கு, எழுதியிருக்கும் வயது, போன் எண்ணின் கடைசி நாலு இலக்கம், பின்னணியில் என்ன தெரிகிறது. இந்தக் கடைசிப் பத்திதான் இரண்டு மாதம் கழித்து ஒரே ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

வாங்குபவர் போல நடித்து நேரில் போகாதீர்கள். பாவம் பார்த்து, மீட்பதாக நினைத்து வாங்கவும் வேண்டாம். விற்பவருக்கு அது இன்னொரு விற்பனை, காலியான கூண்டு அடுத்த வாரம் நிரம்பிவிடும். எண்ணையும் முகத்தையும் பொதுவில் போட்டு நாறடிப்பதும் வேண்டாம். ஆள் தப்பாக இருந்தால் வழக்கு உங்கள் மேல் திரும்பும். சரியான ஆளாக இருந்தாலும் எண்ணை மாற்றிக்கொண்டு போய்விடுவார், உங்கள் எக்செல் தாள் செத்துப்போகும்.

புகாரின் வடிவம்

நான் இப்போது அனுப்புவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“விளம்பர எண் இது. உங்கள் கொள்கையின் விலங்குகள் பிரிவில் ‘விற்பனை அனுமதியில்லை’ என்று உள்ளது. இந்த விளம்பரம் தத்து என்று போடப்பட்டிருந்தாலும் கமென்ட்டில் விற்பவரே விலை சொல்கிறார் (படம் 1). இதே படம் சென்ற வாரம் நீங்கள் நீக்கிய இந்த எண் விளம்பரத்திலும் இருந்தது (படம் 2). விளம்பரத்தை நீக்கி, கணக்கையும் பரிசீலிக்க வேண்டுகிறேன்.”

அவ்வளவுதான். திட்டு இல்லை, கண்ணீர் இல்லை. ஒரு புகாரில் ஒரு விளம்பரம், ஒரு விதி. பத்து இணைப்பை ஒன்றாக அனுப்பினால், முதலாவதைப் பார்த்துவிட்டு மூடிவிடும் ஆபத்து உண்டு.

‘இதே படம்’ என்ற வரியை நான் விடாமல் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நீக்கிய சில நிமிடங்களிலேயே வேறு எண்ணில், வேறு பெயரில் அதே விளம்பரம் முளைக்கும். எண்ணைத் தடுத்தால் சிம் மாற்றுவார்கள். படத்தைத் தடுப்பது அவர்களுக்குச் சிரமம். ஒரு படத்திலிருந்து ஒரு கைரேகை மாதிரியான எண்ணை உருவாக்கி, அது மறுபடி ஏறினால் தானாகவே நிறுத்தும் வசதி பெரிய தளங்களில் இருக்கிறது. மாடரேட்டர் அதைச் செய்ய வேண்டுமென்றால், திரும்பத் திரும்ப வருகிறது என்று யாராவது காட்ட வேண்டும்.

நண்பர்களிடம் ‘எல்லாரும் ரிப்போர்ட் அடியுங்கள்’ என்று பார்வர்ட் செய்வதைப் பற்றி: நாங்கள் வேலை செய்த இடத்தில், ஒரே விளம்பரத்தின் மேல் வரும் புகார்கள் எல்லாம் ஒரே கட்டாகச் சேர்ந்துவிடும். ஒரே வாசகத்தை ஐம்பது பேர் ஒட்டினாலும் மாடரேட்டருக்கு அது ஒன்றுதான். அந்த ஐம்பது பேரும் ஆளுக்கொரு விளம்பரத்தை எடுத்துக்கொண்டால் பலன் வேறு.

‘மீறல் இல்லை’ என்று பதில் வந்தால் சோர்ந்துவிடாமல் மேல்முறையீடு செய்யுங்கள். இரண்டாவது முறை பார்ப்பது பெரும்பாலும் வேறு ஆள்.

தளத்தையே மாற்ற வைப்பது

சரி, ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே இருந்தால் ஆயுசு போய்விடும். எக்செல் தாளில் போதிய வரிகள் சேர்ந்ததும் அடுத்த கட்டத்துக்குப் போங்கள்: அந்தப் பகுதியையே மூடச் சொல்வது.

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிப் பயனில்லை. பெரிய தளங்களில் பயனர் பாதுகாப்புக்கென்று ஒரு குழுவும், சட்டப்பிரிவும், பல நாடுகளில் சட்டப்படி நியமிக்கப்பட்ட குறைதீர்ப்பு அதிகாரியும் இருப்பார்கள். அவர்களுக்குத் தாளை இணைத்து அனுப்புங்கள். ஒரு தளத்தின் மேலாளர் என்னிடம் சொன்னார், “மேடம், நாங்கள் வெறும் அறிவிப்புப் பலகை. யாரோ ஒட்டுகிறார்கள், யாரோ பார்க்கிறார்கள்.”

“சார், நாய்க்குட்டி விளம்பரத்தை மேலே தூக்கிக் காட்டக் காசு வாங்குகிறீர்களே?” என்றேன்.

“அது எல்லாப் பகுதிக்கும் உள்ள வசதி, மேடம்.”

“இந்தப் பகுதிக்கு மட்டும் அதை எடுத்துவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.”

எடுத்தார்கள். முழுதாக மூடு என்று மட்டும் கேட்டால் ‘பரிசீலிக்கிறோம்’ என்று முடித்துவிடுவார்கள். சின்னச் சின்னதாக, இன்றே செய்யக்கூடியதாகக் கேளுங்கள்: காசு வாங்கி முன்னிறுத்துவதை நிறுத்துங்கள், வயதுக் கட்டத்தைக் கட்டாயமாக்கி 8 வாரத்துக்குக் கீழே ஏற்காதீர்கள், உரிம எண் கேளுங்கள், ஓர் எண்ணுக்கு ஆண்டில் ஒன்றிரண்டு விளம்பரம்தான் என்று வையுங்கள். இவற்றைச் செய்தாலே தொழில்முறை ஆட்களில் பெரும்பகுதி கழன்றுகொள்ளும். மிச்சமிருக்கும் விளம்பரங்களுக்காக அந்தப் பகுதியை நடத்துவது தளத்துக்கே சுமையாகத் தெரியும். மூடுவது அப்போது எளிது.

‘பலகை’ வாதத்துக்கு இன்னொரு பதிலும் உண்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2019 ஜூலையிலிருந்து நாய், பூனை விளம்பரம் ஒவ்வொன்றிலும் சிப் எண்ணும், அரசுப் பதிவேடு கொடுக்கும் மூல எண்ணும் இருந்தாக வேண்டும்; இல்லாமல் வெளியிடுவதும் குற்றம். இங்கிலாந்தில் 2018-ஆம் ஆண்டு விதிகள், உரிமம் பெற்ற விற்பனையாளரின் விளம்பரத்தில் உரிம எண், விலங்கின் வயது, அடையாளம் தெரியும் படம் ஆகியவற்றைக் கட்டாயமாக்கின. 2020 ஏப்ரலில் வந்த லூசி சட்டம், 6 மாதத்துக்கு உட்பட்ட நாய், பூனைக் குட்டிகளை இடைத்தரகர் விற்பதையே நிறுத்தியது. லூசி என்பது வேல்ஸில் ஒரு குட்டிப் பண்ணையிலிருந்து மீட்கப்பட்ட ஸ்பேனியல் நாய். பிரான்ஸ் 2021-இல் கொண்டுவந்த சட்டத்தில் எனக்குப் பிடித்தது, வாங்குபவர் உறுதிமொழிச் சான்றிதழில் கையெழுத்திட்டு ஏழு நாள் காத்திருந்தால்தான் நாயோ பூனையோ கைக்கு வரும் என்பது. ‘இன்றே டெலிவரி’க்கு அதில் இடமே இல்லை. இந்தியாவில் நாய் இனப்பெருக்காளர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். 2018 விதிகளின்படி கடைக்காரரும் அப்படித்தான். பதிவு எண் இல்லாத விளம்பரங்களின் பட்டியலைத் தளத்துக்கு அனுப்பும்போது வாரியத்துக்கும் ஒரு நகல் போடுங்கள். மேலே நகல் போயிருக்கிறது என்று தெரிந்தால் பதில் வரும் வேகமே வேறு.

மூடுவதில் ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். பகுதியை மூடினால் விற்பவர்கள் பக்கத்துப் பகுதிக்குப் போவார்கள். ‘நாய்க் கூண்டு விற்பனைக்கு’ என்று இருக்கும், படத்தில் கூண்டுக்குள் மூன்று குட்டி இருக்கும். ‘பெல்ட், தட்டுடன் சேர்த்து’ என்பார்கள். அதனால் மூடிய மறுநாளிலிருந்து உபகரணப் பகுதியைக் கண்காணிக்கச் சொல்லுங்கள். அதோடு, ‘நாய்க்குட்டி’ என்று தேடி வருபவருக்கு வெறும் ‘முடிவுகள் இல்லை’ காட்டாமல், பதிவு பெற்ற காப்பகங்களின் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுக்களுக்குக் கொஞ்சம் பேர் போகத்தான் செய்வார்கள். போகட்டும். பழைய மிக்ஸி தேட வந்தவர் கண்ணில் குட்டி பட்டு, அந்த நிமிட ஆசையில் வாங்குவது அங்கே நடக்காது. இந்த வியாபாரம் அந்த ஆசையில்தான் ஓடுகிறது.

உண்மையாகவே வளர்க்க முடியாமல் கொடுப்பவர்களும் உண்டு. வேலை மாற்றம், உடல்நலம், வீட்டுக்காரர் தொல்லை. அவர்களை விற்பவர்களோடு சேர்த்து அடிக்காதீர்கள். தெரிந்த கால்நடை மருத்துவரிடம் சொல்லி வைப்பது, காப்பகத்தின் பக்கத்தில் போடுவது, வாங்குபவர் வீட்டை ஒருமுறை போய்ப் பார்ப்பது என்று வழி காட்டுங்கள். ‘இலவசம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்’ என்று மட்டும் போட விடாதீர்கள். இலவசமாக வாங்கி, அடுத்த நாளே விலை போட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். கருத்தடை செய்து கொடுத்தால் இனப்பெருக்கத்துக்குத் தேடுபவர் தானாகவே விலகிவிடுவார்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவரை விட்டுவிடாதீர்கள்

பலரும் மறந்துவிடும் சாட்சி இவர்தான். குட்டி வந்து சில நாளில் வாந்தி, ரத்தபேதி என்று ஆரம்பிக்கும். பார்வோ வைரஸ் உடம்புக்குள் போய் அறிகுறி தெரிய பெரும்பாலும் 3 முதல் 7 நாள், சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகும். ஆகவே கொடுக்கும்போது துள்ளி விளையாடிய குட்டி, உங்கள் வீட்டில் நாலாவது நாள் படுத்துவிடும். விற்றவர் “நீங்கள் என்ன போட்டீர்களோ” என்பார். வாங்கியவரும் வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே சொல்ல மாட்டார்.

அவரிடம் திட்டாமல் பேசுங்கள். வாங்கிய அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் காட்டிய சீட்டு, மருத்துவர் பல்லைப் பார்த்து எழுதிய உத்தேச வயது, சிப்பை ஸ்கேன் செய்த முடிவு, பணம் அனுப்பிய ரசீது, விற்பவரோடு நடந்த சாட் முழுவதும் வேண்டும். விளம்பரம் நீக்கப்பட்டிருந்தால் அதன் எண் சாட்டில் இருக்கும். தளத்துக்கு அவர் பெயரிலேயே புகார் போக வேண்டும், நுகர்வோர் குறைதீர்ப்பு ஆணையத்துக்கும், ஏமாற்றுப் பணமென்றால் சைபர் குற்றப் பிரிவுக்கும் அப்படியே. என்னைப் போலப் பார்த்துவிட்டு எழுதுபவரின் புகாரை மாடரேட்டர் பார்ப்பார். பணம் இழந்தவரின் புகாரைச் சட்டப்பிரிவு பார்க்கும். அவருக்கு எழுத வராவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள், கையெழுத்து அவருடையதாக இருக்கட்டும்.